சார்ஜ் ஏறுகிறது என்பதற்காகப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள்

வீடியோ வேலையை வேகப்படுத்த லேப்டாப்புக்கு வெளியே டெஸ்க்டாப் கிராபிக்ஸ் கார்டு மாட்டும் எண்ணம் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நாகர்கோவிலில் ஒரு கடையில் 38,500 ரூபாயைக் கொடுத்துவிட்டு அலைந்துகொண்டிருக்கிறேன்.

மார்த்தாண்டம் பக்கத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்து பிழைப்பவன் நான். ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கின. புதுக் கம்ப்யூட்டர் வாங்கக் கையில் காசில்லை. லேப்டாப்பையே எடுத்துப்போய், "அண்ணாச்சி, இதில் வெளியே கார்டு மாட்ட முடியுமா?" என்று கேட்டேன். பக்கவாட்டில் இருந்த டைப்-சி போர்ட்டை விரலால் தடவிப் பார்த்தார். "இது போதும் மக்களே, டெஸ்க்டாப் மாதிரியே ஓடும்" என்றார். கார்டை உள்ளே வைத்து லேப்டாப்போடு கேபிளில் இணைக்கும் பழைய தண்டர்போல்ட் 3 பாக்ஸ் ஒன்றையும் (தண்டர்போல்ட் என்பது டைப்-சி துளையிலேயே வரும் அதிவேக இணைப்பு முறை), 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு ஒன்றையும் எடுத்து வைத்தார்.

கடையிலேயே கேபிளைச் சொருகினார். திரையின் மூலையில் சார்ஜ் ஏறும் அடையாளம் வந்தது. "பார், இணைப்பு கிடைத்துவிட்டது. வீட்டில் போய் கார்டுக்கான டிரைவர் சாப்ட்வேரைப் போட்டுக்கொள்." அந்தச் சின்ன பேட்டரிப் படத்தை நம்பித்தான் பணத்தைக் கொடுத்தேன்.

மூன்று இரவு தூக்கமில்லை. இணைந்த கருவிகளை விண்டோஸ் காட்டும் டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. திரும்பப் போனால், கோளாறு விண்டோஸில்தான் என்று லேப்டாப்பை வாங்கி வைத்துக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி ஏற்றிவிட்டார். வீடியோக்கள் வேறு டிஸ்க்கில் இருந்ததால் தப்பின. மூன்று வருடமாக நான் சேர்த்து வைத்திருந்த கலர் செட்டிங்குகள் போயே போய்விட்டன. அந்த வேலைக்கு 800 ரூபாய் வேறு வாங்கினார். இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கடைசியில், திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கும் மைத்துனன் தன் லேப்டாப்பில் அதே கேபிளைச் சொருகினான். சற்று நேரத்தில் கார்டு தெரிந்துவிட்டது. பாக்ஸும் நல்லது, கார்டும் நல்லது. என் லேப்டாப்பில் தண்டர்போல்ட்டே கிடையாது.

கிராபிக்ஸ் கார்டுக்கு வேண்டியது பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு, அதாவது கார்டும் கம்ப்யூட்டரும் வேகமாக டேட்டா பரிமாறும் வழி. தண்டர்போல்ட் 3, 4 இரண்டும் அதைக் கேபிள் வழியாகக் கொண்டுபோகும். சாதாரண டைப்-சி போர்ட்டில் யுஎஸ்பி டேட்டா போகும், பலவற்றில் சார்ஜ் ஏறும், சிலவற்றில் மானிட்டருக்குப் படம் போகும், அதற்குமேல் இல்லை. துளை பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே இருக்கும் சிப் வேறு. எந்த டிரைவரும் அதை மாற்றாது. யுஎஸ்பி 4 என்று போட்டிருந்தாலும் இந்த வசதி இருந்தே தீரும் என்று சொல்ல முடியாது. போர்ட் அருகே மின்னல் குறி இருந்தால் நல்ல அடையாளம்தான். ஆனால் சார்ஜுக்கும் சில லேப்டாப்புகளில் மின்னல் போடுகிறார்கள். அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை வைத்து, தயாரித்த நிறுவனத்தின் விவரப் பட்டியலில் தண்டர்போல்ட் என்ற சொல் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

"டெஸ்க்டாப் மாதிரியே" என்பதும் பொய். இந்தக் கார்டுக்கு டெஸ்க்டாப்பில் 16 லேன், அதாவது டேட்டா போக 16 பாதை கிடைக்கும். தண்டர்போல்ட் 3 வழியாக 4 லேன்தான். வேகம் குறையவே செய்யும்.

பில்லில் "பாக்ஸ் 1, கார்டு 1" என்று மட்டும் கிறுக்கியிருக்கிறார். கீழே "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று முத்திரை. எந்த லேப்டாப் மாடலுக்கு என்று எழுதி வாங்காதது என் தவறு. நீங்கள் எழுதி வாங்குங்கள். கார்டின் பெயர் உங்கள் திரையில் வரும்வரை பணப்பையைத் திறக்காதீர்கள்.

பொய் உறுதி சொல்லி விற்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போனால் போதும்.

நேற்றுக் கடைக்காரர் போன் செய்து, "பத்தாயிரம் தருகிறேன், பாக்ஸைக் கொண்டு வா மக்களே" என்றார். முழுப் பணத்தையும், அந்த 800 ரூபாயையும் சேர்த்துத்தான் வாங்குவேன் என்று சொல்லிவிட்டேன்.