நான்கு வருடம், ஏழு சட்டை, நான்கு பேன்ட்

என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம், எடை 78 கிலோ. கழுத்து குட்டை, வயிறு கொஞ்சம் முன்னால் நிற்கும். ஈரோட்டில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் எல்லோருக்கும் எடுத்தது போக, என் துணிமணிக்கு வருடத்துக்கு எட்டாயிரம் ரூபாய்தான் மிஞ்சும். இந்த உடம்பையும் இந்தப் பணத்தையும் வைத்துக்கொண்டு 2021-லிருந்து செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

அதற்கு முன்பெல்லாம் ஆடித் தள்ளுபடியில் ஆயிரம் ரூபாய்க்கு நான்கு சட்டை என்று அள்ளிக்கொண்டு வருவேன். வயிற்றில் பட்டன் மாட்ட வேண்டுமே என்று 44 சைஸ் எடுப்பேன். வயிற்றுக்குச் சரியாக இருக்கும். ஆனால் தோள் தையல் கைப்பக்கம் சரிந்து கிடக்கும், சட்டை பாதித் தொடைவரை தொங்கும். பீரோ நிறையச் சட்டை இருந்தும், ஒரு விசேஷத்துக்குக் கிளம்பினால் போட ஒன்றும் அமையாது.

மைத்துனன் கல்யாணத்தில் வைத்துக் கொடுத்த துணியைத் தைக்கத்தான் எங்கள் தெரு டெய்லரிடம் போனேன். அறுபது வயது இருக்கும், அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். டேப்பை எடுப்பதற்கு முன், நான் போட்டிருந்த சட்டையை இரண்டு தோளிலும் விரலால் மடித்துப் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். “இப்பப் பாருங்க தம்பி.” தோள் எலும்பு முடிகிற இடத்துக்குத் தையல் வந்ததும் மார்பு நிமிர்ந்தது, கழுத்துகூடக் கொஞ்சம் நீண்ட மாதிரி இருந்தது. “லூசாப் போட்டா வயிறு மறையும்னு நினைக்கறீங்க. தோள் இறங்குனா ஆளே இறங்குன மாதிரி ஆயிருமுங்க” என்றார். என் தோள் அளவு 17 அங்குலம். போட்டிருந்த சட்டையில் 19.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இனி ரெடிமேட் சட்டை வேண்டாம், எண்ணிக்கையைக் குறைத்துத் தையல் கூலிக்குச் செலவு செய்யலாம் என்று.

துணி எடுக்க ஜவுளிச் சந்தை இருக்கிறது. திங்கள் இரவு தொடங்கி செவ்வாய் வரை நடக்கும். காட்டன் துணி மீட்டர் 140 ரூபாய்க்கே நல்லதாகக் கிடைத்துவிடுகிறது. பன்னா, அதாவது துணியின் அகலம், எவ்வளவு என்று முதலில் கேட்டுவிட வேண்டும். 36 அங்குலம் என்றால் என் முழுக்கைச் சட்டைக்கு இரண்டரை மீட்டர் வேண்டும். 58 அங்குலம் என்றால் 1.60 மீட்டர் போதும். செட்டாக விற்கிற பேன்ட் பிட் பெரும்பாலும் 1.20 மீட்டர்தான். இடுப்பு பெருத்தவர்கள் 1.30 கேட்டு வாங்குங்கள். துணிக்கு 350, கூலி 350, ஆக ஒரு சட்டை 700 ரூபாயில் முடிகிறது.

முதல் வருடம் ஒரு தப்பு செய்தேன். அவசரத்தில் ஒரு காட்டன் துணியை நனைக்காமலே தைக்கக் கொடுத்தேன். இரண்டாவது துவைப்பில் கை ஓர் அங்குலம் ஏறிவிட்டது. ஆசைப்பட்டு எடுத்த மாம்பழ மஞ்சள் துணி, மனசே ஆறவில்லை. இப்போது வாங்கி வந்த அன்றே ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, அப்புறம்தான் டெய்லர் கடைக்குக் கொண்டுபோகிறேன்.

நிறம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நான் நல்ல கறுப்பு. சின்ன வயதிலிருந்து எனக்கு எடுத்ததெல்லாம் வெளிர் நீலமும் சந்தன நிறமும்தான். கறுப்பாக இருப்பவனுக்கு அழுத்தமான நிறம் எடுபடாது என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன். அது சுத்தப் பொய். மெரூன், பாட்டில் பச்சை, கடுகு மஞ்சள் மூன்றும் என் முகத்துக்குத் தருகிற களையை வெளிர் நீலம் ஒரு நாளும் தந்ததில்லை. துணியைக் கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசலுக்குக் கொண்டுவந்து, மோவாய்க்குக் கீழே பிடித்து, செல்போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எந்தக் கடைக்காரரும் இதுவரை வேண்டாம் என்று சொன்னதில்லை.

பேன்ட் நான்கும் கருநீலம், சாம்பல், காப்பிக்கொட்டை நிறம், ஆலிவ் பச்சை. ஏழு சட்டையும் இந்த நான்கோடும் சேரும் என்பதால் 28 விதமாக மாற்றிப் போட முடிகிறது. வெளிர் சட்டைக்குக் கறுப்பு பேன்ட் போடுவதை விட்டுவிட்டேன். குட்டையான உடம்பை அது நடுவயிற்றில் கோடு போட்டு இரண்டாக வெட்டிக் காட்டுகிறது. சட்டையும் பேன்ட்டும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் இருந்தால் பார்வை தடைபடாமல் மேலிருந்து கீழே இறங்கும். பேன்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டுவதும் போயிற்று. தொப்புளுக்கு ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி தைத்துக்கொள்கிறேன்.

லினன் எனக்கு ஒத்துவரவில்லை. பஸ்ஸில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து இறங்கினால் வயிற்றுப் பக்கம் முழுக்கச் சுருக்கம். டி-ஷர்ட்டுக்குத் திருப்பூர் காதர்பேட்டைதான். அங்கே ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று கேட்டு வாங்குங்கள். 180-க்குக் குறைந்த துணி என் வயிற்றில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. வேட்டியும் கைத்தறித் துணியும் தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸில் 30 சதவீதத் தள்ளுபடி வரும்போது எடுத்துக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் மட்டும் எந்த டெய்லரிடமும் புதுத்துணி கொடுக்காதீர்கள். நான் ஒரு தடவை கொடுத்தேன். வேலை குவிந்து வெளியே கொடுத்துத் தைத்ததில் தோள் 17-க்குப் பதில் 18 ஆகி வந்தது. பிரித்துத் தைக்கத் தை மாதம் ஆகிவிட்டது.

2021-ல் தைத்த அந்தக் கல்யாணச் சட்டையை இன்றைக்கும் போடுகிறேன். போன வருடம் காலர் மடிப்பு தேய்ந்து நூல் பிரிந்தது. அண்ணன் காலரைப் பிரித்து, தேய்ந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பி வைத்துத் தைத்துக் கொடுத்தார். 60 ரூபாய். புதுக் காலர் போலவே இருக்கிறது. பேன்ட்டிலும் அவர் ஒரு வேலை செய்வார். பின்பக்கத் தையலில் ஓர் அங்குலத் துணியை உள்ளேயே விட்டு வைப்பார். போன மாதம் இடுப்பு 37-லிருந்து 38 ஆகிவிட்டது என்று தயங்கிக்கொண்டே போய் நின்றேன். நான்கு பேன்ட்டையும் வாங்கிக்கொண்டு, பெஞ்சில் உட்காரச் சொல்லி, ஒரு மணி நேரத்தில் பிரித்து அடித்துக் கொடுத்துவிட்டார்.