வாட்ஸ்அப் குழுவா, மின்னஞ்சலா, சொந்த வலைப்பூவா?

இணையத்தில் நல்ல கட்டுரை ஒன்று கண்ணில் பட்டால், நாலு பேரிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. அந்த நாலு பேரும் இப்போது காரைக்குடியில் இல்லை. ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கோவையில், மற்றவர்கள் சென்னைக்கும் தேவகோட்டைக்குமாக. எதன் வழியாகச் சொல்வது என்று ஓராண்டாக மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன்.

வேகத்தில் வாட்ஸ்அப்பை மிஞ்ச முடியாது. வேகம்தான் அதன் கோளாறும். எங்கள் பக்கத்து வீடுகளில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் செய்யும் விதம் பற்றி ஓர் அருமையான கட்டுரையைக் குழுவில் போட்டேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, சிமெண்டும் மணலும் நிரப்பி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கும் வேலை அது. ஒரு மணி நேரத்தில் அதன் மேல் பதினொரு காலை வணக்கப் படங்கள், ஒரு காதுகுத்து அழைப்பிதழ், சர்க்கரை நோய்க்கு ஒரு கைவைத்தியம். மூன்று வாரம் கழித்துக் கோவை நண்பர் அழைத்தார். "அண்ணே, அந்தக் கல் கட்டுரை எங்கே? கொத்தனாரிடம் காட்ட வேண்டும்." குழுவில் 'கல்' என்று தேடினேன். கல்யாணம், கல்லூரி, கல்லீரல் எல்லாம் வந்தன, கட்டுரை வரவில்லை.

இன்னொன்று. பல கை மாறிய செய்திக்கு வாட்ஸ்அப் இரட்டை அம்புக்குறி போட்டுவிடுகிறது. 2020 முதல் அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் அரட்டைக்குத்தான் அனுப்ப முடியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் குறியைப் பார்த்தாலே படிக்காமல் தள்ளிவிடப் பழகிவிட்டோம். நீங்களே இரண்டு வரி எழுதி அனுப்பினால்தான் மதிப்பு.

மின்னஞ்சல் கடிதம் போல மரியாதையானது. சனிக்கிழமைதோறும் மூன்று கட்டுரைகளின் சுட்டிகள் (இணைய முகவரிகள்), ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி என்று எட்டு வாரம் அனுப்பினேன். சிங்கப்பூர்க்காரர் மட்டும் பதில் எழுதினார். மற்றவர்களுக்கு அஞ்சல்பெட்டி என்பது வங்கிக் கணக்கு அறிக்கை வந்து விழும் இடம்.

ஆகவே வலைப்பூ. வலைப்பூ நடத்த இடம் தரும் பிளாக்கர் தளம் 1999இல் தொடங்கியது, 2003 முதல் கூகுளிடம் இருக்கிறது, இன்றும் இலவசம். கணக்குத் திறந்து பெயர் வைக்கப் பத்து நிமிடம் போதும். (பெயர் யோசிக்க எனக்கு நான்கு நாள் ஆனது.) ஒவ்வொரு பதிவுக்கும் வீடு, சமையல், வரலாறு என்று குறிச்சொல் போடலாம், அழைத்தவர்கள் மட்டும் படிக்கும்படி பூட்டவும் செய்யலாம். பிறர் கட்டுரையை முழுதாக எடுத்து ஒட்டாதீர்கள். அது அவர்கள் சொத்து. இரண்டு வரி மேற்கோள், ஏன் பிடித்தது என்று உங்கள் சொல்லில் ஐந்து வரி, பிறகு சுட்டி. மூலப் பக்கம் ஒருநாள் காணாமல் போகும் என்பதால், இணையப் பக்கங்களைக் காப்பகமாகச் சேர்த்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அதன் பிரதியைச் சேமித்து அந்த முகவரியையும் சேர்த்துவிடுகிறேன்.

பக்கத்துக் கோட்டையூரில் வாழ்நாளெல்லாம் பழைய நூல்களையும் இதழ்களையும் சேர்த்த ரோஜா முத்தையா 1992இல் மறைந்தார். அந்தச் சேகரம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கிறது. சேர்த்து வைத்த இடம் ஒன்று இருந்ததால்தானே அது கைக்குக் கிடைத்தது?

வலைப்பூவின் குறை, அங்கே தானாக யாரும் வரமாட்டார்கள். எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளைப் போல. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் உண்டு, கல்யாணம் வந்தால்தான் கதவு திறக்கும். பல வலைப்பூக்களின் புதுப்பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய கூகுள் ரீடர் 2013இல் மூடப்பட்டபின் புதுப்பதிவைத் தேடி வரும் வழக்கமும் தேய்ந்துவிட்டது. அதனால் எழுதி வைப்பது வலைப்பூவில், கூப்பிடுவது வாட்ஸ்அப்பில். குழுவில் அல்ல; ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக.

கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர் மட்டும் இதற்கெல்லாம் பிடிகொடுக்கவில்லை. என் குறிப்பைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுக்கிறேன். ஆத்தங்குடிக் கல் தாள் போன வாரம் திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பதை விட்டுவிட்டாயே அப்பா."