சாவிக் கொத்தை எந்த நிரலிடம் கொடுப்பது?

சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் டியூஷன் சென்டர். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட 8 ஜிபி ரேம் கணினி ஒன்றுதான் கட்டணக் கணக்கு, வருகைப் பதிவு, இணையதளம் எல்லாவற்றையும் இழுக்கிறது, எல்லாமே ஒரே பயனர் கணக்கில். பழைய படங்களைத் துடைக்க நான் எழுதிய சின்ன நிரல் ஒருநாள் கட்டண ரசீதுகளையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. வைரஸும் இல்லை, திருட்டும் இல்லை, பாதையில் நான் விட்ட ஒரு எழுத்துப் பிழைதான். ஆனால் ரசீது இருக்கும் பக்கம் அந்த நிரலுக்கு என்ன வேலை? ஒவ்வொரு நிரலையும் அதன் வேலைக்குள்ளேயே கட்டிப்போட என்னென்ன வழி என்று தேடினேன்.

முதலில் பார்த்தது தனித்தனிப் பயனர் கணக்கு. யூனிக்ஸ் காலத்துப் பழைய வழி, ஆண்ட்ராய்டும் ஒவ்வொரு செயலிக்கும் தனி பயனர் எண் கொடுத்து இதையேதான் செய்கிறது. இதில் நான் ஏமாந்த இடம் ஒன்று உண்டு: ரசீதுக் கோப்புகளைப் 'படிக்க மட்டும்' என்று மாற்றினேன், சோதித்துப் பார்த்தால் அப்போதும் அழிந்தன. அழிப்பதற்குக் கோப்பின் அனுமதி முக்கியமில்லை, அது இருக்கும் கோப்புறையில் எழுதும் அனுமதிதான் கணக்கு. கோப்புறையைக் கட்டணப் பயனருக்கு மாற்றி 700 (உரிமையாளருக்கு மட்டும் அனுமதி) போட்ட பிறகுதான் நின்றது.

கணக்கைப் பிரித்துவிட்டு எல்லோருக்கும் சூடோ (ரூட் என்ற முழு அதிகாரக் கணக்காக ஓட்டவிடும் கட்டளை) கொடுத்தால் பிரித்ததே வீண். அந்த சூடோவிலேயே 2011 முதல் இருந்த ஓட்டை 2021 ஜனவரியில்தான் வெளியே வந்தது, சாதாரணப் பயனர்கூட ரூட் ஆகிவிடலாம்.

அடுத்தது டாக்கர், ஒவ்வொரு நிரலையும் 'கொள்கலன்' என்ற தனி அறைக்குள் வைத்து ஓட்டும் கருவி. பையன்களுக்கு இதன் மேல்தான் ஆசை. நிரல்களை நிறுவ வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பூட்டு என்று நம்பினால் வம்பு: கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், அதோடு டாக்கர் குழுவில் ஒருவரைச் சேர்த்தால், அவர் முழு வட்டையும் கொள்கலனுக்குள் இணைத்து எதை வேண்டுமானாலும் மாற்றலாம். ரூட் சாவியை வேறு பெயரில் கொடுத்த மாதிரி. ரூட் இல்லாமல் ஓட்டும் முறையும் இருக்கிறது, வேண்டுமென்றால் அதைப் பாருங்கள்.

கணினிக்குள்ளேயே மென்பொருளால் உருவாக்கும் தனிக் கணினி, அதாவது மெய்நிகர் கணினிதான் இருப்பதிலேயே கெட்டியான சுவர், ஒவ்வொன்றுக்கும் சொந்த கெர்னல். எங்கள் 8 ஜிபியில் மூன்று போட்டால் மூச்சு முட்டும், சரி, விட்டேன்.

ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்புக் கருவி உபுண்டுவிலேயே வருகிறது, எந்த நிரல் எந்தப் பாதையைத் தொடலாம் என்று எழுதினால் போதும். 'புகார்' நிலையில் வைத்தால் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும், அதைப் பார்த்து விதியைத் திருத்தலாம். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸில் வரும் இதே மாதிரிக் கருவி எஸ்இலினக்ஸ், கோப்புக்கு முத்திரை குத்திப் பார்க்கும். இன்னும் நுணுக்கம்தான், ஆனால் மாலை வகுப்புக்கு நடுவே உட்கார்ந்து கற்கிற சமாச்சாரம் இல்லை.

ஆகவே தனிக் கணக்கும், இணையதளத்துக்கும் துடைக்கும் நிரலுக்கும் ஆப்ஆர்மரும் போட்டேன். அப்புறம் பழைய தப்புப் பாதையையே கொடுத்து வேண்டுமென்றே ஓட்டிப் பார்த்தேன், 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று திட்டிவிட்டு நின்றது. வருகைப் பதிவுக்கு இன்னும் விதி எழுதவில்லை.