ஐரிஷ் குழல் மெட்டுகள்: காதா, இசைத்தாளா, ஏபிசியா?

ஐரிஷ் மரக்குழலில் ஒரு புது மெட்டைப் பிடிக்க நான்கு வழிகள் உண்டு. வாசிப்பவர் எதிரில் உட்கார்ந்து கற்பது, ஒலிப்பதிவைக் கேட்டுக் கற்பது, ஐந்துகோட்டு இசைத்தாள், சுரங்களை ஆங்கில எழுத்துகளாகத் தட்டும் ஏபிசி எழுத்துக்குறிப்பு. கற்க முதல் இரண்டும்தான் சரி. பின் இரண்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளவும் அடுத்தவருக்கு அனுப்பவும். இதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஓட்டை இல்லாத வழி எதுவும் இல்லை.

நேரில்

கிளேர் மாவட்டத்து மில்டவுன் மால்பேயில் 1973இல் தொடங்கிய வில்லி கிளான்சி கோடைப் பள்ளி போன்ற இடங்களில் இன்றும் காதுவழிப் பாடமே முறை. ஆசிரியர் இரண்டு கட்டம் (இசைத்தாளில் இரு குறுக்குக்கோட்டுக்கு நடுவே வரும் அளவு ஒரு கட்டம்) வாசிப்பார், வகுப்பு அதைத் திருப்பி வாசிக்கும். நான்கானதும் ஒட்டிவிடுவார்கள். ரீல், ஜிக் என்ற நடன மெட்டுகளில் பெரும்பாலானவை எட்டுக் கட்டம் கொண்ட இரண்டு பகுதிகள்தான். ஒவ்வொன்றும் இரண்டு முறை வரும், மொத்தம் 32. அதிலும் ஐந்தாவது, ஆறாவது கட்டங்கள் பல மெட்டுகளில் முதலிரண்டின் மறுபடிதான். ஆக, உண்மையில் புதிதாகக் கற்க வேண்டியது பத்துப் பன்னிரண்டு கட்டங்களே.

நேரில் மட்டுமே முழுதாகக் கிடைப்பது மூச்சு. இந்த மெட்டுகளில் சுரங்கள் இடைவெளியின்றி ஓடுகின்றன. எங்காவது ஒரு சுரத்தை விட்டால்தான் மூச்சு வாங்க முடியும். தேர்ந்தவர்கள் தொடரின் நடுவில் ஒரு சுரத்தை விழுங்கியோ, நீண்ட சுரத்தைக் குறுக்கியோ வாங்குவார்கள். அடுத்த சுற்றில் இடத்தை மாற்றிக்கொள்வார்கள். புதியவர் இரண்டு கட்டத்துக்கு ஒருமுறை கட்டக் கோட்டருகே நின்று மூச்சு வாங்குகிறார். மெட்டு துண்டு துண்டாகிவிடுகிறது.

செஷனில், அதாவது பலர் கூடி வாசிக்கும் இடத்தில், உட்கார்ந்து பிடித்துக்கொள்ளலாம் என்று நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். வழக்கமான வேகத்தில் ஒரு ரீல் மூன்று சுற்றும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்து அடுத்த மெட்டுக்கு மாறிவிடும். தெரியாத மெட்டில் சுரம் தேடித் தடவினால் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பார், அதில் நியாயமும் இருக்கிறது. கேட்டு அனுமதி வாங்கி, கைபேசியில் பதிவுசெய்து, மெட்டின் பெயரையும் பதிவிலேயே சொல்ல வைத்துவிடுங்கள். ஒரே மெட்டுக்கு மூன்று பெயரும், ஒரே பெயரில் மூன்று மெட்டும் இருக்கும். பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் வேறு மெட்டைத்தான் கற்பீர்கள்.

ஒலிப்பதிவு

தனிக்குழல் பதிவாகத் தேடுங்கள். குழுப் பதிவில் அக்கார்டியனும் ஃபிடிலும் ஆளுக்கொரு வடிவம் வாசிப்பார்கள். இரண்டையும் கலந்து நீங்கள் யாருமே வாசிக்காத ஒன்றைக் கற்றுவிடுவீர்கள். ஃபிடில் பதிவில் வேறு சிக்கல்: வில்லுக்கு மூச்சு வேண்டாம், கடைசித் தந்தி குழலின் ஆகக் கீழான சுரமான டிக்கும் கீழே போகும். அந்த இடங்களை ஒரு ஸ்தாயி மேலே மடித்தாக வேண்டும்.

சுருதி மாறாமல் வேகம் குறைக்கும் செயலியில் 70 சதவீதம் போதும். 50க்குக் கீழே போனால் ஒலி குழைந்துவிடும். அதைவிட மோசம், கட் அலங்காரம் ஒரு முழுச் சுரமாகக் காதில் விழும். கட் என்பது விரல் சுண்டும் தட்டு. அதற்குச் சுருதி கேட்கக் கூடாது. மெதுவாக்கியே கற்றவர்களின் ரோல் என்னும் அலங்காரங்கள் ஐந்து சமமான சுரங்களாக, வழுவழுவென்று ஒலிப்பது இதனால்தான். அலங்காரம் பிடிபடும் வரை அவற்றை நீக்கி வெறும் மெட்டை வாசியுங்கள். ஒரு பதிவில் எந்த விரலிடலும் பொருந்தவில்லையென்றால் குழல் வழக்கமான டியில் இல்லாமல் அரைச்சுரம் மேலே ஈ ஃபிளாட்டில் இருக்கலாம். செயலியில் அரைச்சுரம் இறக்கினால் சரியாகிவிடும்.

இசைத்தாள்

சிகாகோ காவல்துறைத் தலைவராக இருந்த, தாமே குழல் வாசித்த ஃபிரான்சிஸ் ஓநீல் 1903இல் 1,850 மெட்டுகளை அச்சிட்டார். அவர் வாசித்துக் காட்ட, சுரப்படுத்தியவர் ஜேம்ஸ் ஓநீல். அதாவது அந்தத் தொகுப்பே காதிலிருந்து தாளுக்குப் போனது. அதில் இருப்பது மெட்டின் எலும்புக்கூடு மட்டுமே. கமகம் தெரியாதவர் சுரக்குறிப்பை வைத்துக் கல்யாணி பாடுவது போலத்தான் அதை அப்படியே வாசிப்பதும். ஜிக்கின் மூன்று சுரங்கள் தாளில் சம நீளம். வாசிப்பில் முதலாவது நீளும். ஏற்கெனவே காதில் இருக்கும் மெட்டில் ஒரு சுரத்தைச் சரிபார்க்கவும், இரண்டாம் பகுதி எப்படித் தொடங்கும் என்று நினைவுபடுத்தவும் தாள் நல்லது.

ஏபிசி

பகிர்வதற்கு இதை வெல்ல ஒன்றுமில்லை. கிறிஸ் வால்ஷா உருவாக்கிய இந்த முறையில் ஒரு மெட்டு பத்து வரிக்குள் அடங்கும், குறுஞ்செய்தியில் போகும், செயலி இசைத்தாளாக மாற்றிவிடும், திருத்தவும் எளிது. டி முதல் பி வரை பெரிய எழுத்துகளும் சிறிய சியும் குழலின் கீழ் ஸ்தாயி. சிறிய டியிலிருந்து மேல் ஸ்தாயி. இதனால் ஒரு வசதி: பெரிய சியோ, காற்புள்ளி ஒட்டிய எழுத்தோ கண்ணில் பட்டால் அந்தச் சுரம் சாவியில்லாக் குழலில் (துளைகளை மூடித் திறக்கும் நெம்பு இல்லாதது) வராது என்று வாசிக்கும் முன்பே தெரிந்துவிடும்.

அனுப்பும்போது கெடுவது பெரும்பாலும் இவைதான். கைபேசி வரியின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும். மேல் டி கீழ் டியாகிவிடும். அந்த வசதியை அணைத்துவிட்டுத் தட்டுங்கள். இரண்டு பகுதிகளுக்கு நடுவே அழகுக்காக வெற்று வரி விட்டால் செயலிக்கு மெட்டு அங்கேயே முடிந்தது. தலைப்பு வரிகளில் மெட்டின் எண்ணைச் சொல்லும் எக்ஸ் முதலிலும், சுர அமைப்பைச் சொல்லும் கே கடைசியிலும் இருக்க வேண்டும். சுர நீளம் சொல்லும் எல் வரியை மறந்தால் ரீலுக்கும் ஜிக்குக்கும் எட்டில் ஒன்று என்று எடுத்துக்கொள்ளும், தப்பிக்கலாம். 2/4 தாளத்துப் போல்கா நடன மெட்டுக்குப் பதினாறில் ஒன்று என்று எடுத்து, எல்லாச் சுரத்தையும் பாதியாக்கிவிடும். கே வரியில் ஈ மைனர் என்று போட்டால் சி இயல்பாக ஒலிக்கும், ஈ டோரியன் என்றால் ஷார்ப், அதாவது அரைச்சுரம் மேலே. செஷனில் பாதிப்பேர் ஒன்றும் பாதிப்பேர் இன்னொன்றும் வாசிப்பதற்கு, இந்த ஒரு வரியைக் கவனிக்காமல் பரப்பியதும் ஒரு காரணம்.

எனவே ஒருவருக்கு மெட்டு அனுப்பினால் இரண்டாக அனுப்புங்கள்: நடுத்தர வேகத்தில், அலங்காரம் குறைத்து இரண்டு சுற்று வாசித்த பதிவு, கூடவே ஏபிசி. எஸ் வரியில் யாரிடமிருந்து கற்றது என்றும், சி வரியில் இயற்றியவர் பெயரும் இருக்கட்டும். பழையது என்று எல்லோரும் நினைக்கும் மெட்டுகளில் சில, 20ஆம் நூற்றாண்டில் ஒருவர் இயற்றி இன்னும் பதிப்புரிமையில் இருப்பவை. மேடையில் வாசிக்கவோ பதிவு வெளியிடவோ போகிறவருக்கு அந்தச் சி வரி இல்லாவிட்டால் சிக்கல்.