கிளப்பா, அகாடமியா? ஷூ சைஸை வைத்து நான் போட்ட கணக்கு

மே மாதக் கடைசியில் எங்கள் பகுதி கிரிக்கெட் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. வருடப் பதிவுக் கட்டணம் 500 ரூபாயிலிருந்து 1,500. மாதக் கட்டணம் 200லிருந்து 400. அடியில் கைகூப்புகிற படம் ஒன்று. ஜூன் பிறந்தால் ஸ்கூல் ஃபீஸ், நோட்டுப் புத்தகம், யூனிஃபார்ம், வேன் என்று வரிசையாக நிற்கும். அந்த நேரம் பார்த்துத்தானா இதுவும் வர வேண்டும்?

குழுவில் ராத்திரி பதினோரு மணி வரை சண்டை. "இந்தக் காசுக்கு அகாடமியிலேயே சேர்த்துடலாமே" என்று ஒருவர் எழுதினார். பத்துப் பேர் அதற்குக் கட்டைவிரல் தூக்கினார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் சுருக்கென்றது. இரண்டு பக்கத்துச் செலவும் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறது. என் மகன் வேலூர் சத்துவாச்சாரியில் கிளப்பில் ஆடுகிறான், நாலு வருடமாக. நாத்தனார் மகன் காட்பாடிப் பக்கம் ஒரு தனியார் அகாடமியில், இரண்டு வருடமாக. இரண்டு பேருக்கும் பன்னிரண்டு வயது. நான் கணக்கெழுதிச் சம்பாதிக்கிறவள், அதனால் இரண்டு பக்கத்து ரசீதையும் வாங்கி உட்கார்ந்தேன்.

தூரம், நேரம் எல்லாம் பெரிய விஷயமில்லை. இரண்டு இடத்திலும் காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஏழரைக்குள் முடித்துவிடுகிறார்கள். வேலூர் வெயிலில் வேறு வழி கிடையாது. ஏப்ரல், மே மாதத்தில் எட்டு மணிக்கு மேல் பையனை வெளியே நிறுத்தினால் கிரிக்கெட் வராது, மயக்கம்தான் வரும். பயிற்சியாளர்களும் இரண்டு இடத்திலும் நல்லவர்கள்தான்.

முதலில் நேர்க் கணக்கு. கிளப்பில் புதுக் கட்டணப்படி வருடத்துக்கு 1,500 கூட்டல் 4,800, ஆக 6,300 ரூபாய். போன வருடம் இதுவே 2,900. இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, வயிறு எரியத்தான் செய்யும். அகாடமியில் சேர்க்கைக்கு 5,000, மாதம் 2,500. முதல் வருடம் 35,000. அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சேர்த்தால் 41,300. அந்த ஜிஎஸ்டியை மட்டும் தனியாகப் போட்டுப் பார்த்தேன்: 6,300 ரூபாய். நாங்கள் சண்டை போட்ட முழு வருடக் கட்டணமும் அவர்களுக்கு வெறும் வரி!

அந்த வரி அகாடமியின் குற்றமில்லை. விளையாட்டுப் பயிற்சிக்கு வரிவிலக்கு, வருமான வரிச் சட்டத்தின்படி பதிவு செய்த அறநிறுவனங்களுக்கு மட்டும்தான். தனியார் அகாடமியின் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்து வசூலித்தே ஆக வேண்டும். எங்கள் கிளப்பில் அறுபது பிள்ளைகள், அத்தனை பேரும் ஒழுங்காகக் கட்டினாலும் நாலு லட்சம் தேறாது. வரி அதன் பக்கமே வராது.

அப்படியானால் கிளப் ஏன் ஏற்றியது? ஜூன் முதல் ஞாயிறு கூட்டம் போட்டார்கள். பொருளாளர் நீளக் கணக்கு நோட்டை எடுத்துவந்து வரி வரியாக வாசித்தார். ஒரு மேட்ச் பந்து 700 ரூபாய். பதிமூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 133 முதல் 144 கிராம் பந்து, பெரிய பையன்களுக்கு 156 முதல் 163 கிராம், ஆகவே இரண்டு வகையாக வாங்க வேண்டும். (ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நம்மைச் சுற்றித் தோல் தொழிற்சாலையாக இருக்கிறது, பந்து என்னவோ மீரட்டிலிருந்து வருகிறது. இதை யாராவது யோசித்தால் தேவலை.) குடியாத்தத்தில் ஒரு மேட்ச் என்றால் போய்வர வேன் 3,500. அம்பயர் படி, டோர்னமெண்ட் நுழைவுக் கட்டணம், மைதான வாடகை, தண்ணீர் கேன்.

அப்புறம் மேட். எங்களுக்கு டர்ஃப் பிட்ச் (புல் ஆடுகளம்) கிடையாது, நார் மேட்தான். இருபத்திரண்டு கஜ நீளம். தரையில் விரித்து, இழுத்து, ஓரமெல்லாம் பெரிய இரும்பு ஆணி அடிப்பார்கள். பந்து குத்துகிற இடமும், போடுகிறவன் கால் ஊன்றுகிற இடமும்தான் முதலில் நைந்துபோகும். அந்த இடத்துக்குச் செருப்புத் தைக்கிறவரைக் கூட்டிவந்து ஒட்டுப் போட்டு மூன்று சீசன் ஓட்டினார்கள், நாலாவது சீசனில் தையலே நிற்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் பையன்கள் ஆணியைப் பிடுங்கிப் பழைய எண்ணெய் டின்னில் எண்ணிப் போட வேண்டும். ஒன்று குறைந்தாலும் மாஸ்டர் யாரையும் வீட்டுக்கு விடமாட்டார். வெறுங்காலில் ஓடுகிற சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே வருவார்களே. புது மேட் வாங்குகிற காசுதான் இந்த ஏற்றத்தில் பாதி.

இதைக் கேட்டு நான் சமாதானம் ஆகிவிடவில்லை. நோட்டை மார்ச் மாதமே காட்டியிருக்கலாம், ஜூனுக்கு ஒரு வாரம் முன்பு வாட்ஸ்அப்பில் குண்டு போட்டிருக்க வேண்டாம். கட்ட முடியாதவர்கள் என்ன செய்வது என்று ஒரு வரிகூட அந்தச் செய்தியில் இல்லை. பீடி சுற்றிக் குடும்பம் நடத்துகிற ஓர் அம்மாவின் மகன், நல்ல விக்கெட் கீப்பர், எதுவும் கேட்காமல் நின்றுவிட்டான். மாஸ்டர் வீடு தேடிப் போன பிறகுதான் வந்தான். சலுகை உண்டு என்று முதலிலேயே எழுதியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு அந்தச் சங்கடம் வந்திருக்காது. கூட்டத்தில் நாலு தவணை கேட்டோம். இரண்டு தருகிறோம் என்றார்கள். மூன்றில் முடிந்தது.

சரி, இத்தனைக்குப் பிறகும் நான் கிளப் பக்கம் சாய்வதற்குக் காரணம் கட்டணமே இல்லை. கட்டணத்தில் சேராத செலவு. இன்னும் சொல்லப்போனால், பிள்ளையின் கால்.

என் மகன் கால் பதினான்கு மாதத்தில் மூன்றாம் நம்பரிலிருந்து ஐந்தாம் நம்பருக்குப் போனது. பத்து வயதுக்கும் பதினைந்துக்கும் நடுவில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான். ஷூ தேய்வதற்கு முன்னாலேயே சின்னதாகிவிடும். கால் காப்பு, கையுறை, தொடைக்காப்பு, பேட் எல்லாமே அப்படி.

கிளப்பின் ஸ்டோர் ரூமில் ஒரு பச்சை இரும்பு பீரோ இருக்கிறது. கதவு சரியாக மூடாது, சைக்கிள் ட்யூபை வைத்துக் கட்டியிருப்பார்கள். கீழ்த்தட்டில் ஷூ, சைஸ் வாரியாக, குதிகாலில் பெயிண்டில் நம்பர் எழுதி. நடுத்தட்டில் கால் காப்பும் கையுறையும். மேல்தட்டில் பேட். சட்டம் ஒன்றுதான்: பெரியதை எடுக்கிறவன் தன்னுடைய சின்னதைத் துடைத்து, வெயிலில் காயவைத்து, அதன் இடத்தில் வைக்க வேண்டும். என் மகன் கட்டுகிற கால் காப்பு இப்போது இன்ஜினியரிங் படிக்கிற ஒரு பையனுடையது. வார் மட்டும் நாங்கள் மாற்றினோம், 60 ரூபாய். ஹெல்மெட்டும் கார்டும் (அடிவயிற்றுக் காப்பு) மட்டும் அவரவர் சொந்தம், அதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒரு பழைய ஹெல்மெட் எத்தனை அடி வாங்கியது என்று வெளியே பார்த்தால் தெரியாது.

நாலு வருடத்தில் ஹெல்மெட், கார்டு, இரண்டு செட் வெள்ளை உடுப்பு, முதல் ஷூ. எங்கள் சொந்தச் செலவு அவ்வளவுதான்.

நாத்தனார் மகன் அகாடமியில் சேரும்போதே ஒரு பட்டியல் கொடுத்தார்கள். கிட் பேக், பேட், காப்புகள், இரண்டு செட் அகாடமி யூனிஃபார்ம், ஸ்பைக்ஸ் ஷூ எல்லாம் சேர்த்து 16,000. பேட் இங்கிலிஷ் வில்லோ, ஐந்தாம் சைஸ். அந்த மரம் சொகுசுப் பிள்ளை. ஆளிவிதை எண்ணெய் தடவி, மரச் சுத்தியால் நாள்கணக்கில் தட்டிப் பழக்க வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பந்து பட்டதும் விளிம்பு பிளக்கும். நாத்தனார் புருஷன் மொட்டை மாடியில் தினம் ஒரு மணி நேரம் தட்டினார், கீழ்வீட்டுக்காரர் வந்து சண்டை போடுகிறவரை. பத்தே மாதம். பையன் நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டான்.

"அண்ணி, பேட்டுல இன்னும் எண்ணெ வாசமே போகல, அதுக்குள்ள சின்னதாயிடுச்சு" என்றாள் நாத்தனார். இணையத்தில் விற்கப் போட்டாள். 7,000 ரூபாய் பேட்டுக்கு 1,500க்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த தடவை ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் இரண்டு வருடம் வரும் என்று யோசித்தாள். வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். கனமான பேட்டைத் தூக்க முடியாமல் பிள்ளையின் ஆட்டமே கோணலாகிவிடும் என்று எங்கள் மாஸ்டர் சொல்லிக்கொண்டே இருப்பார். 2025 செப்டம்பர் 22லிருந்து விளையாட்டுப் பொருள்களுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது உண்மை. வருடா வருடம் புதிது வாங்குகிறவர்களுக்கு அது ஆறுதல், அவ்வளவுதான்.

இந்த ஊருக்குக் காமன்வெல்த் தங்கம் வாங்கிக் கொடுத்தது கிரிக்கெட் இல்லை, பளுதூக்குதல். சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோவிலும் 2018 கோல்ட் கோஸ்டிலும் 77 கிலோ பிரிவில் வென்றார். பளுதூக்குதலில் பாரும் தட்டும் எந்தப் பிள்ளைக்கும் சொந்தமில்லை, கூடத்துக்குச் சொந்தம். பத்து வருடம் கழித்தும் அதே இரும்புதான். கிரிக்கெட்டில் அந்த வசதி கிடைக்க வேண்டுமானால் அப்படி ஒரு பீரோ வேண்டும்.

அகாடமியில் என்ன கூடுதல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பந்து வீசுகிற மெஷின் இருக்கிறது. ஒரு வலையில் ஆறு பேருக்கு மேல் விடுவதில்லை. பையன் ஆடுவதைப் போனில் படமெடுத்து, முழங்கை எங்கே போகிறது என்று நிறுத்திக் காட்டுகிறார்கள். நாத்தனார் மகனின் கவர் டிரைவ் என் மகனுடையதைவிட அழகு, தாராளமாக ஒப்புக்கொள்கிறேன். கிளப்பில் ஒரு நாளில் வருகிற நாற்பது பேருக்கு மூன்று வலை, ஒருவனுக்குப் பத்து நிமிடம் பேட்டிங் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் ஞாயிறுதோறும் மேட்ச். இருபது ஓவர் ஃபீல்டிங் நின்று, கேட்ச் விட்டு, திட்டு வாங்கி, வேனில் பாட்டுப் பாடி வருகிறான். வயது மீறிய திறமை உள்ள பிள்ளை, மாவட்ட அணியைக் குறிவைக்கிறான் என்றால், அந்தப் பெற்றோருக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். என் மகன் அந்த ரகம் இல்லை.

அரசு விளையாட்டு மைதானத்தைப் பற்றியும் கேட்பீர்கள். ஒரு கோடை முகாமுக்கு மட்டும் அவனை அனுப்பினேன், அதுவும் ஓட்டத்துக்கு. செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே கவனித்தார்கள். இருபது நாள் பார்த்ததை வைத்து வருடம் முழுக்க எப்படி என்று நான் தீர்ப்பு சொன்னால் அது சரியாக இருக்காது. பெண் பிள்ளைகள் விஷயத்திலும் அப்படித்தான். எங்கள் கிளப்பில் நாலே நாலு பெண்கள், அவர்களுக்குத் தனி மேட்ச் கிடைப்பதில்லை. மகள் இருப்பவர்கள் நாலு இடம் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதல் தவணை கட்டிவிட்டேன். பீரோவில் இந்த ஜூனில் ஆறாம் நம்பர் ஷூ இல்லை, ஐந்தும் ஏழும்தான் இருக்கிறது. ஏழாம் நம்பரை எடுத்து, முன்னால் பழைய காலுறையைச் சுருட்டி அடைத்துப் போட்டுக்கொண்டு போகிறான். தீபாவளிக்குள் சரியாகிவிடும் என்கிறான்.