போலீஸ் வழக்கு, சொக்சோ, சிவில் வழக்கு: விபத்துக்குப் பின் எதற்காகக் காத்திருக்கிறோம்?

சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் சிலர் அமர்ந்து, படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுப்பது வழக்கம். அண்மையில் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மா, ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் கவிழ்த்தார். நான்காக மடித்து மடிப்பில் கிழிந்திருந்த போலீஸ் புகார், ரப்பர் வளையம் போட்ட எம்.சி. எனும் மருத்துவ விடுப்புச் சீட்டுகள், தொடை எலும்பில் கம்பி வைத்திருப்பதைக் காட்டும் எக்ஸ்ரே படம் ஆகியவை அதில் இருந்தன. அவருடைய 24 வயது மகன், அதிகாலையில் வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது, செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று தோட்டச் சந்தியிலிருந்து பெரிய சாலைக்கு ஏறி அவனை அடித்திருக்கிறது. அது நடந்து 14 மாதங்கள் ஆகிவிட்டன. சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கும் மனு இல்லை, வழக்கறிஞரும் இல்லை.

"போலீஸ் கேஸ் கோர்ட்டுல முடிஞ்சாதான் காசு வரும்னு எல்லாரும் சொல்றாங்க தம்பி. அதான் காத்துக்கிட்டு இருக்கோம்."

"யாரு அக்கா சொன்னாங்க?"

"எல்லாருந்தான்."

இந்த 'எல்லாரும்' சொல்லும் அறிவுரை எத்தனை குடும்பங்களின் உரிமையைக் கரைத்திருக்கிறது என்பதைப் பார்த்த வேதனையில்தான், ஒரு விபத்துக்குப் பின் நம் முன்னே இருக்கும் மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில், இணையத்தில் அமெரிக்க வழக்கறிஞர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு வரும் இளையோருக்கு ஒரு சொல். அந்த நாட்டில் விபத்துச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அலபாமா, மேரிலாந்து, வெர்ஜினியா போன்ற சில மாநிலங்களில் காயமடைந்தவர் பக்கம் சிறு தவறு இருந்தாலும் இழப்பீடு முழுவதுமே போய்விடக்கூடும். மற்ற பெரும்பாலான மாநிலங்களில் தவறின் பங்குக்கு ஏற்பத் தொகை குறைகிறது. நம் மலேசியாவில் அப்படி மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி சிவில் சட்டமும் குற்றவியல் சட்டமும் கூட்டரசின் கையில் இருப்பதால், பேராக்கில் நடந்த விபத்துக்கும் கெடாவில் நடந்த விபத்துக்கும் சட்டம் ஒன்றே. காலக்கெடுவில் மட்டும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

போலீஸ் வழக்கு என்று நாம் அழைப்பது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் நடத்தும் வழக்கு. கவனக்குறைவாக ஓட்டியதற்கு 43ஆம் பிரிவு: 4,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை. ஆபத்தாக ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்தியிருந்தால் 41ஆம் பிரிவு: 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும் 20,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதமும். மது அருந்திவிட்டு ஓட்டி உயிரைப் பறித்திருந்தால் 44ஆம் பிரிவின் கீழ் சிறை 10 முதல் 15 ஆண்டு, அபராதம் 50,000 முதல் 100,000 வெள்ளி. கடுமையான எண்கள்தாம். ஆனால் அந்த அபராதம் ஒரு காசுகூடக் காயமடைந்தவர் கைக்கு வருவதில்லை. அது அரசாங்கக் கருவூலத்துக்குப் போகிறது. தண்டிக்கப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கும்படி உத்தரவிடக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 426ஆம் பிரிவு இடம் தருகிறது என்றாலும், அதற்கு அரசு வழக்கறிஞர் மனுச் செய்ய வேண்டும். அதை நம்பி ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்க முடியாது.

இந்த வழக்கில் நாம் சாட்சி மட்டுமே. குற்றம் சாட்டுவதா, எந்தப் பிரிவில் சாட்டுவதா என்பதை முடிவு செய்வது அரசு வழக்கறிஞர். நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றத்தை நிரூபிக்க வேண்டும் என்பதால், சாட்சி ஒருவர் தடுமாறினாலும் ஓட்டுநர் விடுதலையாகலாம். அப்படி விடுதலையானால் சிவில் வழக்கும் தோற்றுவிட்டது என்று நினைப்பது தவறு. சிவில் நீதிமன்றம் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று மட்டுமே எடை போடுகிறது. ஆகவே அங்கே விடுதலையானவர் இங்கே பொறுப்பாளியாகலாம். அதேபோல், ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அந்த ஒப்புதலைச் சிவில் வழக்கில் அவருக்கு எதிராகக் காட்டலாம் என்பது உதவிதான், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டியது கட்டாயமில்லை.

போலீஸ் வழியில் நாம் தவறவிடக் கூடாதது ஒன்றே ஒன்று: 24 மணி நேரத்துக்குள் புகார் செய்வது. புகாரும், போலீஸ் வரையும் ராஜா காசார் என்னும் விபத்து வரைபடமும், அதன் விளக்கக் குறிப்பும்தான் சிவில் வழக்கின் முதுகெலும்பு. குற்ற வழக்கின் தீர்ப்பு வருவதற்கு முன்பே இவற்றைப் பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி சொக்சோ. பெர்கேசோ என்று பலகையில் எழுதியிருந்தாலும் தோட்டத்தில் இன்றும் அது சொக்சோதான். 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நடக்கும் விபத்தையும் வேலை விபத்தாகவே கருதுகிறது. யார் மேல் தவறு என்பது இங்கே கேள்வியே இல்லை. பையன் தானே சறுக்கி விழுந்திருந்தாலும் பணம் உண்டு. ஆனால் பயணத்தில் இடையே நிறுத்தமோ வழி மாற்றமோ இருந்தால் உரிமை கெடலாம் என்பதால், வாக்குமூலம் கொடுக்கும்போது நடந்ததை நடந்தபடி, நேரத்தையும் சாலையின் பெயரையும் துல்லியமாகச் சொல்ல வேண்டும். "போற வழியில நாசி லெமாக் வாங்கப் பட்டணத்துக்குப் போனேன்" என்பது போன்ற ஒரு வரி, அது உண்மையில்லாமல் வாய்தவறி வந்துவிட்டால், வீண் விசாரணையைக் கொண்டுவரும்.

மருத்துவ விடுப்பில் இருக்கும் நாட்களுக்கு அன்றாடச் சராசரிச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். விபத்து நாளையும் சேர்த்து 4 நாட்களுக்குக் குறைவான விடுப்புக்குக் கிடைக்காது. 1,700 வெள்ளி வாங்கும் தொழிலாளிக்கு இது நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 வெள்ளி. நிரந்தர முடம் ஏற்பட்டால் கணக்கு 90 விழுக்காட்டின் அடிப்படையில் போகும். இறந்துபோனால் அதே அடிப்படையிலான தொகையில் ஐந்தில் மூன்று பங்கு துணைவருக்கும் ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கும் மாதந்தோறும் வரும். இதில் எந்தத் தொகைக்கும் நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை.

விபத்து பற்றித் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் குத்தகைக்காரரின் கீழ் வேலை செய்யும் நம் பிள்ளைகள் சிக்குவது இங்கேதான். சம்பளத்திலிருந்து பிடித்தம் நடந்ததா என்றே பலருக்குத் தெரியாது. முதலாளி படிவத்தில் கையெழுத்திடத் தயங்கினால் அத்துடன் திரும்பி வந்துவிடாமல், சொக்சோ அலுவலகத்துக்கு நேரே போய்ப் புகார் கொடுக்க வேண்டும். சந்தா கட்டாதது முதலாளியின் குற்றம், தொழிலாளியின் குற்றமல்ல.

சொக்சோவுக்கு ஒரு விலையும் உண்டு. அச்சட்டத்தின் 31ஆம் பிரிவு, வேலைக் காயத்துக்காகச் சொந்த முதலாளி மீதோ அவருடைய ஊழியர் மீதோ இழப்பீட்டு வழக்குப் போடுவதைத் தடுக்கிறது. செம்பனை வெட்டும்போது மட்டை விழுந்து கழுத்து ஒடிந்தாலும், பாதுகாப்புக் கருவி எதுவுமே தரப்படாமல் இருந்தாலும், தோட்ட நிர்வாகத்திடம் வலிக்கும் வேதனைக்கும் தனியாகப் பணம் கேட்க முடியாது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் 2024 ஜூன் 1 முதல் அபராதம் 500,000 வெள்ளி வரை உயர்ந்திருப்பது நல்ல செய்திதான். ஆனால் அதுவும் அரசாங்கத்துக்கே போகிறது. தோட்டத்துக்குள் முதுகெலும்பு நொறுங்கியவரும் சாலையில் காலிழந்தவரும் பெறும் தொகைகளை ஒப்பிட்டால், இந்தத் தடை எவ்வளவு கனமானது என்பது தெரியும். இதை நான் அநீதியென்றே கருதுகிறேன்.

சாலையில் அடித்தது வெளி லோரி என்றால் நிலைமை வேறு. அங்கேதான் மூன்றாவது வழி திறக்கிறது. லோரி ஓட்டுநர் மீதும் உரிமையாளர் மீதும் சிவில் வழக்குத் தொடுத்தால், தீர்ப்புத் தொகையைக் கொடுப்பது பெரும்பாலும் அவர்களுடைய காப்புறுதி நிறுவனம். சாலை விபத்து வழக்கு எவ்வளவு பெரிய தொகைக்கானதாக இருந்தாலும் செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்கலாம். ஆகவே உயர் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. வழக்குத் தொடுப்பதற்கு முன்போ தொடுத்த 7 நாட்களுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிப்புப் போய்ச் சேர வேண்டும். வழக்கறிஞர் செய்ய வேண்டிய வேலைதான், என்றாலும் போனதா என்று கேட்டு வைப்பது நல்லது.

எதிர்கால வருமான இழப்பை 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம் ஒரு சூத்திரமாகவே வகுத்திருக்கிறது. 2019 செப்டம்பர் 1இல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, 30 வயது வரை உள்ளவருக்கு 16 ஆண்டு வருமானம் கணக்கிடப்படும். 31 முதல் 59 வயது வரை உள்ளவருக்கு 60இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுத்த எண். 24 வயதுப் பையன் மாதம் 1,700 வெள்ளி வருமானத்தை முழுவதும் இழந்திருந்தால், 1,700ஐ 12ஆலும் 16ஆலும் பெருக்க 326,400 வெள்ளி. அதே காயம் 44 வயதுத் தகப்பனுக்கு நேர்ந்திருந்தால் 8 ஆண்டு, அதாவது 163,200 வெள்ளி. வலிக்கும் முடத்துக்கும் மருத்துவச் செலவுக்குமான தொகைகள் இதற்கு மேல். ஆனால் விபத்துக்கு முன் உழைத்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தார் என்பதை நிரூபித்தாக வேண்டும். கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்கிச் சீட்டே இல்லாத அறுவடைக் கூலிக்கு இந்த இடம்தான் பள்ளம். வங்கிப் புத்தகம், சேமநிதிக் கணக்கு, எடைச் சீட்டு, கங்காணியின் குறிப்பேடு என்று கிடைப்பதையெல்லாம் சேர்க்க வேண்டும்.

சொக்சோ வேறு வழக்கு வேறு என்று தெரியாததால், "ரெண்டும் வாங்கினா ஒன்னுல கழிச்சிடுவாங்க" என்று பயப்படுவோர் உண்டு. கழிக்க மாட்டார்கள். காயத்துக்காக வேறு எழுத்துச் சட்டத்தின் கீழ் கிடைக்கும் பலனையும், காப்புறுதித் தொகையையும், ஓய்வூதியத்தையும் கணக்கில் எடுக்கக்கூடாது என்று சிவில் சட்டத்தின் 28ஏ பிரிவே சொல்கிறது. ஆகவே இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியான வழிகள் அல்ல; ஒரே நேரத்தில் நடக்க வேண்டியவை.

சிவில் வழியின் பலவீனம், அங்கே தவறு எடை போடப்படுவது. விளக்குப் போடாமல் ஓட்டினார், தலைக்கவசத்தின் வாரை மாட்டவில்லை என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால், அவருடைய பங்குக்கேற்பத் தொகை குறையும். முழுத் தவறும் நம் பக்கம் என்றால் ஒன்றும் இல்லை. அப்போது சொக்சோ மட்டுமே துணை. உயிரிழப்பு என்றால் இன்னொரு வேறுபாடும் உண்டு. சிவில் வழக்கில் துணைவர், பெற்றோர், பிள்ளைகள், இறந்தவரின் பராமரிப்பில் இருந்த மாற்றுத்திறனாளி ஆகியோரின் இழப்பே கணக்கில் வரும்; அண்ணன் சம்பாத்தியத்தில் படித்த தங்கைக்கு அதில் இடமில்லை.

காலக்கெடுதான் இந்த ஒப்பீட்டில் உயிர்நாடி. தீபகற்பத்தில் காயத்துக்கான வழக்குக்கு 6 ஆண்டு. உயிரிழப்பில் வாரிசுகளின் வழக்குக்கு இறந்த நாளிலிருந்து 3 ஆண்டு. சாலைக் குழியில் விழுந்தார், எதிரி ஊராட்சி மன்றம் அல்லது பொதுப்பணி இலாகா என்றால் 36 மாதம். சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனித்தனிக் காலவரையறைச் சட்டங்கள் இருப்பதால், லஹாட் டத்து செம்பனைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போன தம்பிக்கு இங்குள்ள 6 ஆண்டுக் கணக்கைச் சொல்லி ஆறுதல் அளிக்காதீர்கள். அங்குள்ள வழக்கறிஞரை உடனே பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கடிகாரங்கள் எதுவும் போலீஸ் வழக்கு முடியட்டும் என்று நின்று காத்திருப்பதில்லை.

மருத்துவமனை வார்டிலேயே வந்து, "கையெழுத்து மட்டும் போடுங்க, எல்லாத்தையும் நாங்க பார்த்துக்கறோம், வர்ற காசுல இத்தனை பங்கு" என்று பேசும் தரகர்களிடம் கையெழுத்துப் போட வேண்டாம். வென்ற தொகையில் பங்கு கேட்டு ஒப்பந்தம் போடுவது வழக்கறிஞருக்கே சட்டப்படி தடை செய்யப்பட்டது. தரகருக்கு அந்த உரிமை எங்கிருந்து வரும்?

அந்த அம்மாவின் பைக்கு வருகிறேன். நாங்கள் முதலில் செய்தது எம்.சி. சீட்டுகளைத் தேதி வாரியாக மேசையில் அடுக்கியது. அறுவை சிகிச்சைக்கும் முதல் மறுபரிசோதனைக்கும் நடுவே 11 நாட்களுக்குச் சீட்டு இல்லை. அந்த 11 நாளும் பையன் கட்டிலிலிருந்து எழுந்திருக்கவே இல்லை என்று அம்மா சொன்னார், ஆனால் சொக்சோவுக்குச் சொல் போதாது. மருத்துவமனைப் பதிவுப் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம், ராஜா காசார் கேட்டுப் போலீசுக்கு ஒன்று, விபத்துப் படிவத்தை நிரப்பும்படி தொழிற்சாலைக்கு ஒன்று. மூன்றையும் அவர் புது உறையில் போட்டுக்கொண்டார். லோரி ஓட்டுநரின் வழக்கு அடுத்த மாதம் மறுபடி விசாரணைக்கு வருகிறதாம். மகன் சாட்சி சொல்லப் போவான். சொக்சோவில் மனுக் கொடுக்கத் திங்கட்கிழமை ஈப்போவுக்குப் பேருந்து ஏறுவதற்கு அது தடையல்ல என்பதை அவர் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டு போனார்.