முதல் உப்புநீர் மீன்தொட்டி வைக்கப் போகிறீர்களா? என் பதினைந்து நாள் கதையைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள்

ஒன்பது உயிர்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பதினைந்தாம் நாள் மிஞ்சியது ஒன்று. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் பேச்சு அந்த ஒரு கடையோடு நின்றுவிடும். என்னிடம் என்ன சொன்னார்கள், அதை நான் எப்படி நம்பினேன் என்பதை மட்டும் சொல்கிறேன். இதே வார்த்தைகள் வேறு கடையில் உங்கள் காதிலும் விழலாம்.

எட்டு வருடம் நன்னீர் மீன் வளர்த்தவன் என்ற திமிர் எனக்கு உண்டு. தொட்டியை நிரப்பி, இரண்டு நாள் பம்ப் ஓடவிட்டு, மீனை விட்டுப் பிழைக்க வைத்த அனுபவம். அந்த அனுபவம்தான் என்னைக் கவிழ்த்தது. அது ஏன் என்பது கொஞ்சம் கழித்துப் புரியும்.

சனிக்கிழமை காலை கடைக்குப் போனேன். விற்பனையாளர் இளைஞர், இனிமையாகப் பேசினார், கேள்விக்கு முன்னாலேயே பதில் வைத்திருந்தார். 120 லிட்டர் தொட்டி, மணல், உப்பு, ஃபில்டர், ஹீட்டர், விளக்கு, ‘லைவ் ராக்’ என்று சொல்லிப் பதினைந்து கிலோ பாறை, கடைசியாக ஒரு பாக்டீரியா புட்டி. "இதை ஊற்றிவிட்டால் நாளைக்கே மீன் விடலாம் சார். முன்பெல்லாம்தான் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள்" என்றார். காத்திருக்கப் பிடிக்காதவனுக்கு இதைவிட இனிப்பான வாக்கியம் கிடையாது.

புதிய தொட்டியில் நடக்க வேண்டியது இதுதான். மீனின் கழிவும் மிச்ச இரையும் அம்மோனியாவாக மாறும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் ஓரளவு வரை மீனைத் தொந்தரவு செய்யாது. அம்மோனியா கொல்லும். நைட்ரைட்டின் நஞ்சு கடல்நீரில் குறைவு. இந்த பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருக வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். புட்டியில் வரும் பாக்டீரியா எல்லாமே ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். உயிரோடு இருக்கும் நல்ல சரக்கு இந்தக் காலத்தைக் குறைக்கும். ஆனால் குறைத்ததா இல்லையா என்பதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும், விற்றவர் சொல்லக் கூடாது. என் புட்டியில் விலைச்சீட்டு ஒட்டியிருந்த இடம் காலாவதித் தேதியின் மேல். எல்லாம் முடிந்தபின் நகத்தால் உரித்துப் பார்த்தேன். பதினான்கு மாதம் கடந்திருந்தது.

பாறைக் கதை இன்னும் எளிது. லைவ் ராக் என்பது உள்ளே உயிர்கள் வாழும் பாறை. எப்போதும் கடல்நீரில் மூழ்கியோ ஈரமாகவோ இருக்க வேண்டும். எனக்குக் கொடுத்தது அலமாரியில், அட்டைப்பெட்டிக்குள், காய்ந்த எலும்பு போலக் கிடந்தது. காய்ந்த பாறை மோசமான பொருள் இல்லை, பலர் வேண்டுமென்றே அதில் தொடங்குகிறார்கள். ஆனால் அதன் விலை வேறு, அதற்குத் தேவைப்படும் காத்திருப்பும் வேறு. உயிருள்ளதன் விலையில் உயிரில்லாததை வாங்கிவந்தேன்.

மறுநாள் ஞாயிறு, மகளையும் கூட்டிக்கொண்டு மீன் வாங்கப் போனேன். இரண்டு கோமாளி மீன், ஒரு நீல டேங்க் (blue tang என்ற மீன்), ஒரு கடல் சாமந்தி (பூவைப் போலத் தெரியும் கடல் உயிர்), இரண்டு இறால், மூன்று துறவி நண்டு (காலிச் சங்குக்குள் வாழ்பவை). நீல டேங்க் விரல் நீளம்தான் இருந்தது. "இந்தத் தொட்டிக்கு ஏற்ற அளவிலேயே நின்றுவிடும் சார், பண்ணையில் வளர்ந்தது" என்றார். இரண்டுமே பொய். அது ஏறக்குறைய 30 செ.மீ. வரை வளரும் மீன், நீண்ட தூரம் நீந்தியே பழகியது. என் தொட்டியைப் போல நான்கைந்து மடங்கு பெரிய தொட்டி கேட்கும். பண்ணை விஷயமோ, இந்த இனத்தை முதன்முதலாகச் செயற்கைச் சூழலில் முட்டையிலிருந்து வளர்த்ததே 2016இல்தான், ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வகத்தில். விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை இன்றும் பவளப்பாறைகளில் பிடித்தவையே. கோமாளி மீன் அப்படியில்லை, அதைப் பல பத்தாண்டுகளாகப் பண்ணைகளில் வளர்க்கிறார்கள். எந்த மீன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தெளிவாகப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் கடல்மீன் வாங்கக் கூடாது. 1960களில் பிலிப்பைன்ஸில் தொடங்கிப் பரவிய வழக்கம் ஒன்று உண்டு: சயனைடைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிப்பது. அப்படிப் பிடிபட்ட மீன் கடையில் நன்றாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து சில நாளிலோ சில வாரத்திலோ செத்துப்போகும்.

கடல் சாமந்தி தூய வெள்ளையாக இருந்தது. "வெள்ளை அபூர்வ ரகம் சார்" என்றார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பினேன். சாமந்தியின் உடம்புக்குள் வாழும் நுண்பாசிகள்தான் வெளிச்சத்தைக் கொண்டு அதற்கு உணவு தயாரித்துக் கொடுக்கின்றன, பழுப்பு நிறமும் அவற்றால் வருவதுதான். அவற்றை இழந்த சாமந்திதான் வெள்ளையாகும். அபூர்வ ரகம் என்று எனக்கு விற்றது பட்டினி கிடந்த நோயாளியை. தவிர, கடலில் சாமந்திக்குள் வாழ்ந்தாலும், வீட்டுத் தொட்டியில் கோமாளி மீன் பிழைக்கச் சாமந்தி தேவையே இல்லை. ஒரு வருடமாவது ஓடி நிலைபெற்ற தொட்டியில் வைக்க வேண்டியதை இரண்டாம் நாளில் வைத்தேன்.

நான்காம் நாள். "அப்பா, இது ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது?" என்று மகள்தான் முதலில் கேட்டாள். நீல டேங்க் நீர்மட்டத்தின் அருகே நின்று, செவுளை வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். அவர் சோதனைப் பட்டை ஒன்றை நனைத்து, நிறங்களைப் புட்டியோடு ஒப்பிட்டு, "எல்லாம் சரியாக இருக்கிறது சார், பி.எச். மட்டும் 7.8, கொஞ்சம் குறைவு" என்று சொல்லி, பி.எச். ஏற்றும் திரவம் ஒன்றை விற்றார்.

என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான். அந்தப் பட்டையில் பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு), கார்பனேட் கடினத்தன்மை, நைட்ரைட், நைட்ரேட் என்று நான்கு கட்டங்கள் இருந்தன. அம்மோனியாவுக்குக் கட்டமே இல்லை. புதிய தொட்டியில் மூச்சு வாங்கும் மீனுக்கு முதலில் பார்க்க வேண்டியது எதுவோ, அதைப் பார்க்கவே முடியாத கருவியை வைத்துக்கொண்டு "எல்லாம் சரி" என்றார். அது போதாதென்று, பி.எச். ஏற்றும் மருந்து. தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அவ்வளவாகத் தீங்கு செய்யாதது, இன்னொன்று கொடிய நஞ்சு. பி.எச். ஓர் அலகு கூடினால் நஞ்சு வடிவத்தின் பங்கு கிட்டத்தட்டப் பத்து மடங்காகும். 7.8இலிருந்து 8.3க்கு ஏற்றினேன், ஏறக்குறைய மூன்று மடங்கு. பி.எச். 7 அருகே இருந்த என் நன்னீர்த் தொட்டிகள் எட்டு வருடம் என் அவசரத்தை மன்னித்ததற்கும் இதுதான் காரணம். கடல்நீர் மன்னிக்காது. என் கையாலேயே, அளவுமூடியில் அளந்து, துளித்துளியாக ஊற்றினேன்.

ஆறாம் நாள் சாமந்தி கரைந்து நாறியது. அந்த அழுகல் இன்னும் அம்மோனியா. ஏழாம் நாள் காலை நீல டேங்க் பாறை இடுக்கில் சாய்ந்து கிடந்தது. மகள் பள்ளிக்குப் போனபின் எடுத்துப் புதைத்தேன்.

பத்தாம் நாள் கோமாளி மீன்களின் உடம்பில் உப்புத் தூவினாற்போல வெண்புள்ளிகள். மறுபடியும் கடை, மறுபடியும் ஒரு புட்டி. "தொட்டியில் நேரடியாக ஊற்றுங்கள் சார், எல்லா உயிருக்கும் பாதுகாப்பானது." வீட்டுக்கு வந்து ஊற்றினேன். மறுநாள் காலை இறால் இரண்டும் மல்லாந்து கிடந்தன, மாலைக்குள் நண்டுகள் மூன்றும் தங்கள் சங்கைவிட்டு வெளியே சரிந்திருந்தன. அப்போதுதான் புட்டியின் பின்புற எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்: செம்பு சல்ஃபேட். கடலில் வெண்புள்ளி நோய் தரும் ஒட்டுண்ணிக்குச் செம்பு சரியான மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் மீனைத் தனித்தொட்டிக்கு மாற்றி, தினமும் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து அது. முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு அதுவே விஷம். அதோடு, சுண்ணாம்புப் பாறையும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்தப் பாறையை இனி இறாலோ பவளமோ வாழும் தொட்டியில் நம்பி வைக்க முடியாது. பதினைந்து கிலோவும் இப்போது மாடியில் வாளிகளில் கிடக்கிறது.

பதிமூன்றாம் நாள் ஒரு கோமாளி மீனும் போனது. அதன்பின்தான் எனக்குப் புத்தி வந்து, பல வருடமாகக் கடல்தொட்டி வைத்திருக்கும் அண்ணன் ஒருவரை அழைத்தேன். அவர் தன் பையிலிருந்து சோதனைக் குழாய்களை எடுத்து வரிசையாக வைத்தார். அம்மோனியா இல்லையென்றால் மஞ்சளாக நிற்க வேண்டிய குழாய் கரும்பச்சையானது. பிறகு உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, "தம்பி, ஆவியாகிற தண்ணீருக்குப் பதிலாக எதை ஊற்றுகிறாய்?" என்று கேட்டார். உப்புநீர்தான், கடையில் அப்படித்தான் சொன்னார்கள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நான் தினமும் ஒன்றரை லிட்டர் உப்புநீர் சேர்த்து, 1.025இல் இருக்க வேண்டிய ஒப்படர்த்தியை (உப்பு கூடினால் கூடும் அளவு) இரண்டு வாரத்தில் 1.031க்கு ஏற்றியிருந்தேன். இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிய வேண்டிய கணக்கு, இதில் என் முட்டாள்தனத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் உப்பளவு பார்க்க ஊசி ஆடும் மலிவான ஹைட்ரோமீட்டரை விற்று, அதில் காற்றுக்குமிழி ஒட்டினால் அளவு தவறும் என்று சொல்லாமல் விட்டது அவர்கள்தான். குழாய்த்தண்ணீரில் உப்பைக் கரைக்கச் சொன்னதும் அவர்கள்தான். ஆர்.ஓ.வோடு டி.ஐ. (அயனி நீக்கும்) வடிகட்டியும் சேர்த்து, கரைந்த பொருளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் காட்டும் தண்ணீரில்தான் தொடங்க வேண்டுமாம்.

பணத்தைத் திரும்பக் கேட்கப் போனேன். ரசீதில் ‘மீன் மற்றும் பொருட்கள்’ என்று ஒரே வரி, மொத்தத் தொகை. எந்த மீன், எத்தனை, எதுவும் இல்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் ‘விற்ற உயிர்களுக்கு உத்தரவாதம் இல்லை’. காலாவதிப் புட்டியைக் காட்டினேன். "அது எங்கள் கடையில் வாங்கியது என்பதற்கு என்ன ஆதாரம் சார்?" அதே இனிமையான குரல்.

ஆகவே நீங்கள் போகும்போது, ஒவ்வொரு பொருளையும் உயிரையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லி ரசீது வாங்குங்கள். தேதி தெரியாத புட்டியைத் தொடாதீர்கள். மீன் வாங்குவதற்கு முன் அது இரை எடுப்பதை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வெளியே வந்துவிடுங்கள். கடைத்தொட்டியின் உப்பளவைக் கேளுங்கள். உப்புச் செலவைக் குறைக்கவும் நோயை அமுக்கி வைக்கவும் சில கடைகள் குறைந்த உப்பில் மீனை வைத்திருக்கும், அங்கிருந்து நேராக உங்கள் தொட்டிக்கு மாற்றினால் மீன் தாங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மோனியா சோதனைக் குழாயை மீனுக்கு முன்பே சொந்தமாக வாங்கிவிடுங்கள். மீனையும் மருந்தையும் விற்பவரே உங்கள் தண்ணீரையும் சோதித்தால், சோதனை எப்போதும் அடுத்த புட்டியில்தான் முடியும்.

பிழைத்த கோமாளி மீன் இப்போது பாறையோ மணலோ இல்லாத சின்னத் தொட்டியில் சிகிச்சையில் இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டுதான் அதன் வீடு. பெரிய தொட்டியை வழித்துக் கழுவி, புதுப் பாறையோடு மறுபடி தொடங்கியிருக்கிறேன். மீன் எதுவும் இல்லை, அம்மோனியம் குளோரைடைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து பாக்டீரியாவை வளர்க்கிறேன். நான்காவது வாரம் இது.

நேற்றுக் கடையிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. புதுச் சரக்கு இறங்கியிருக்கிறதாம், நீல டேங்க் மூன்று, பழைய வாடிக்கையாளருக்குத் தள்ளுபடியாம். சாயங்காலம் சோதித்தபோது என் நைட்ரைட் குழாய் இன்னும் ஊதாவாகத்தான் இருந்தது, தொட்டி இன்னும் தயாராகவில்லை.